பேராசிரியர் சுசீந்திரராசாவும் எங்கள் றகரமும்

இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டதால் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். இராமநாதன் வீதியையும் கன்ரீன் தேநீரையும் எப்படியும் வேறு யாராவது எழுதுவார்கள். நான் மொழியியலையும் பேராசிரியர் சுசீந்திரராசாவையும் பற்றி எழுதுகிறேன்.

பண்டிதர்களிடம் படித்து வந்த எங்களுக்கு இலக்கணம் என்றால் நன்னூல். வீட்டில் பேசுவது கொச்சை. அந்தக் கொச்சையையே ஆய்வுப்பொருளாக்கி 1967இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். இலங்கைத் தமிழின் ஒலியனியலை, அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒலிகளின் அமைப்பை, இந்தியத் தமிழோடு ஒப்பிட்டு 1973இல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் சாதியும் மொழியும் பின்னிக் கிடப்பதை 1978இல் எழுதினார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் உரத்துப் பேசாத விடயம் அது. பத்து, பற்று என்று மாறி மாறிச் சொல்லி, நாக்கு நுனி பல்லிலிருந்து மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறின் மேட்டுக்கு நகர்வதை நாங்கள் உணர்ந்ததெல்லாம் அந்தப் படிப்பினால்தான்.

1985இல் சென்னையில் அறை தேடியபோது, “நல்ல காற்று வருமோ?” என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மலையாளியா சார்? தமிழ் பரவாயில்லியே!” என்றார். தரகர் வாய்விட்டுச் சிரித்தார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் கூனிக்குறுகிப் போனேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது: தமிழ்நாட்டுப் பேச்சில் ‘காத்து’ என்று பல்லொலியாகிவிட்ட அந்த இரட்டை றகரத்தை, நாங்களும் மலையாளிகளும் பழைய இடத்திலேயே ஒலிக்கிறோம். வீட்டுக்காரரின் காதில் பழுதில்லை.

யாழ்ப்பாணத் தமிழின் ஒலியனியலையும், சொல்லின் உறுப்புகளை ஆராயும் உருபனியலையும் பற்றிய பேராசிரியரின் ஆங்கில நூலைப் பல்கலைக்கழகம் 1993இல் வெளியிட்டபோது, குடாநாட்டில் மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடையால் கடதாசிக்கும் தட்டுப்பாடு. எல்லா வெளிச்சமும் எல்லாக் கடதாசியும் இருந்த ரொறன்ரோவில் நான் ஒரு கொம்பனிக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் மட்டுமே இந்நகரின் பெயரை றகரம் போட்டு எழுதுகிறோம் என்பதைத் தவிர, படித்த துறையோடு எனக்கு வேறு தொடர்பு மிஞ்சவில்லை.

தமிழ்நாட்டுத் தொடர்கள் பார்த்து வளர்ந்த என் பேத்தி ‘காத்து’ என்கிறாள். எந்த வழக்கையும் பிழையென்று தள்ளாமல் உள்ளபடி பதிவுசெய்யப் படித்தவன் அதைத் திருத்தக் கூடாதுதான், ஆனாலும் திருத்துகிறேன். “எல்லாரும் அப்பிடித்தானே அம்மப்பா சொல்லினம்” என்கிறாள். மொழியியலின்படி அவள் வாதத்துக்கு மறுமொழி கிடையாது.