நட்டதும் முளைத்ததும்

பிப்ரவரி 3

மறுபடியும் ஹப்பிள் தொலைநோக்கியின் ஆழ்வெளிப் படம். 1995 டிசம்பரில் பத்து நாள், சப்தரிஷி மண்டலப் பக்கம், நூறு மீட்டர் தள்ளிப் பிடித்த டென்னிஸ் பந்து மறைக்கும் அளவு வானம். அதற்குள் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள்.

வெளி தட்டையாக, விரியாமல் இருந்து, மண்டலங்களும் எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால், ஒரு பொலிவெண் மங்கலாகும்போது எண்ணிக்கை சுமார் 4 மடங்காக வேண்டும். (பொலிவெண் என்பது பொலிவை அளக்கும் எண். அது கூடினால் பொலிவு குறையும். இந்தத் தலைகீழ்க் கணக்கில் இன்றும் ஒருமுறை தடுக்கி விழுந்தேன்.) பொலிவெண்ணுக்கு எதிராக எண்ணிக்கையை வரைந்த என் கோடு அவ்வளவு செங்குத்தாக ஏறவில்லை. எவ்வளவு குறைகிறது என்பதில்தான் பிரபஞ்சத்தின் விரிவும் வெளியின் வளைவும் ஒளிந்திருக்கின்றன.

பிப்ரவரி 4

அவை மட்டுமா ஒளிந்திருக்கின்றன? வானியலாளர் எட்வின் ஹப்பிள் 1936இல் இதே எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டார். விரிவு உண்மையென்றால் பிரபஞ்சம் நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகவும் அடர்த்தியாகவும் வந்தது. விரிவின் மேலேயே ஐயப்பட்டார். ஒளி வந்துசேர நெடுங்காலம் ஆவதால், தொலைவில் உள்ளவை இளமைத் தோற்றத்தில் தெரிகின்றன என்பதுதான் சிக்கல். பின்னாளில் மங்கலான நீல மண்டலங்கள் எதிர்பார்த்ததற்கு மேல் குவிந்தன. நீலம் என்றால் புது விண்மீன்கள். கூட்டம் பெரிதாகத் தெரிவது இடம் பெரிது என்பதாலா, அன்று அவை பிரகாசமாக இருந்ததாலா? எண்ணிக்கை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

பிப்ரவரி 7

படத்தில் பொய் மண்டலங்களை நட்டு, மென்பொருள் எத்தனையைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தேன். குறுகலானவை சிக்கின. அதே மொத்த ஒளியைப் பரப்பி வைத்தவை தப்பின. ஒன்றின் இடம் எனக்கே தெரியும். கர்சரை அதன்மேல் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாலும் வெறும் சாம்பல் இரைச்சல்.

பிப்ரவரி 8

கண் வலி. வேலை இல்லை.

பிப்ரவரி 10

டோல்மன் சோதனை எனக்கு எப்போதும் பிடித்தது. பரப்புப் பொலிவை, அதாவது ஒரு மண்டலத்தின் ஒளி வானில் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதை, வைத்து விரிவைச் சோதிப்பது. விரியும் பிரபஞ்சத்தில் செம்பெயர்ச்சி (ஒளி அலை நீண்டு சிவப்பை நோக்கி நகர்வது) 1 உள்ள மண்டலத்தின் பரப்புப் பொலிவு 16இல் ஒரு பங்காகும். விரியாமல், ஒளி வழியில் களைத்துப்போகிறது என்றால் பாதியாகத்தான் குறையும். வானியலாளர்கள் சாண்டேஜும் லூபினும் 2001இல் செய்து பார்த்தார்கள். விண்மீன்கள் வயதாவதையும் சேர்த்துக்கொண்டால் விரிவுக்கே பொருந்தியது. ஆனால் அந்த 16தான் என் பட்டியலிலிருந்து பரந்த மண்டலங்களைத் திருடுகிறது. சோதிக்கும் கோலே சோதனைப் பொருளை மறைக்கிறது!

பிப்ரவரி 11

நட்டவற்றை நீக்கும்போது ஒரு மங்கல் திட்டு மட்டும் போகவில்லை. மென்பொருளின் பட்டியலில் அது இல்லை. என் நடவுப் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த இடத்தில் நான் எதையும் நடவில்லை.