அவ்வளவுதான் மேடம்

"அவ்வளவுதானா சார்?" என்று எங்கள் மருத்துவக் கல்லூரி டாக்டர் மேடம் ஒருவர் கேட்டார். "அவ்வளவுதான் மேடம்" என்றேன். நடந்தது இவ்வளவுதான், இதைப் போய் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நூலகத்தில் இருப்பவன் புத்தகம் எடுத்துக் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது யாருக்கு எத்தனை சைட்டேஷன், அதாவது அவர் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கின்றன, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று எடுத்துக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அன்றைக்கு அஞ்சு மணிக்குள் விருதுக்கான படிவங்கள் டீன் அறைக்குப் போயாக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வைத்திருக்கும் ஸ்கோபஸ் தளத்தில் மேடத்துக்கு இரண்டு புரொஃபைல் இருந்தது. ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த இனிஷியல். நம்மூர்ப் பெண்களுக்கு இது சகஜம். இரண்டையும் கூட்டினேன். 14 கட்டுரை, 96 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 5, அதாவது ஐந்து முறையாவது குறிப்பிடப்பட்ட கட்டுரைகள் ஐந்து. தாளை வாங்கிப் பார்த்தவர் பின்பக்கம் திருப்பியும் பார்த்தார், அங்கே ஏதாவது மிச்சம் இருக்குமோ என்பதுபோல. அப்போதுதான் அந்தக் கேள்வி.

அடுத்த வாரம் ஒரு பிஜி மாணவருக்காக ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். கிராமத்துக் காய்ச்சல் நோயாளிகளின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும் என்று மேடம் எப்போதும் சொல்வார். ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அதே விஷயம், அதே ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஆனால் எழுதியவர் பெயர் வேறு. வெளிநாட்டு இதழ். படிவம் குடும்பப் பெயர் கேட்டிருக்கும், இவர் அப்பா பெயரைப் போட்டிருப்பார், அவர்கள் இவருடைய பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ஆக, கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஸ்கோபஸ் கணக்கில் ஸ்க்ரப் டைஃபஸ் ஆய்வாளர். அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் 97 சைட்டேஷன்.

மேடத்திடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. விருது வாங்கியவர் பெயர் லான்செட்டில் வரும் உலக நோய்ச்சுமைக் கட்டுரைகளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், சைட்டேஷன் ஆயிரக்கணக்கில். அதன் முன்னால் 96 என்றால் என்ன, 193 என்றால் என்ன. எச்-இண்டெக்ஸும் 5 என்பது 6 ஆகும், அதோடு சரி. தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்எம்சி) 2022 விதிகள்கூடப் பதவி உயர்வுக்கு முதல் மூன்று பெயருக்குள் இருக்க வேண்டும், இல்லை கட்டுரைக்குப் பொறுப்பாகக் கடிதத் தொடர்பு வைத்திருக்கும் கரஸ்பாண்டிங் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. படிவம் போட்டது நான் இல்லை.

ஆனால் அவர் ஜெயிப்போமா என்றா கேட்டார்? அவ்வளவுதானா என்றுதானே கேட்டார். நானும் இந்த எண்களைப் பெரிதாக நம்புகிறவன் இல்லை. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் 2010லேயே திரும்பப் பெற்றுவிட்டது, அதற்கு இன்னும் சைட்டேஷன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. புரதத்தை அளக்க லௌரி 1951ல் எழுதிய முறைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். ஒரு கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று எண்ணலாம், தழும்பைத் தேடிப் பார்த்து அந்தக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டர்களை யார் எண்ணுவது? இதெல்லாம் நன்றாகத் தெரிந்தவன்தான் அந்தத் தாளை நீட்டி, ஒரு நொடிகூட யோசிக்காமல் "அவ்வளவுதான்" என்றேன். "நான் தேடியதில் கிடைத்தது இது" என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை கூட ஆகியிருக்கும்.

ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரும் ஆர்க்கிட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்க் குழப்பம் வராது என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியவன் நான். மேடம் எடுக்கவில்லை. அது அவர் தப்பு என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். சுற்றறிக்கை அவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

கடைசியில் மூன்று புரொஃபைலையும் ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு நானே விண்ணப்பம் போட்டேன், சத்தமில்லாமல். ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து கேன்டீன் வரிசையில் மேடம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என் நம்பர் ஏறியிருக்கே சார், இப்பத்தான் யாரோ படிக்க ஆரம்பிச்சிருக்காங்க போல."

"ஆமா மேடம்" என்றேன்.