சுவர் எத்தனை இன்ச்? டிப்ளமோ ப்ராஜெக்ட்டும் இலவச 3டி சாஃப்ட்வேரும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ். ஆனால் ப்ராஜெக்ட்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. காரணம் 7.5 சென்டிமீட்டர். சிவில் கடைசி வருஷம் போகிறவர்கள் ‘வீட்டு பிளானை 3டியில் எதில் போடலாம்’ என்று இப்போதே கேட்க ஆரம்பித்திருப்பீர்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது அக்காவுக்கு ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ரேம், பேட்டரி செத்துப்போனது, ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் (BOSS) லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். வீடு காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். நெட் வேண்டுமானால் மாடிக்குப் போக வேண்டும். இதைச் சொல்லக் காரணம், சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, இந்த லேப்டாப்தான்.

சீனியர் அண்ணன் ஒருவர் “ரெவிட் போடுடா, ஸ்டூடண்ட்டுக்கு ஃப்ரீ” என்றார். ஃப்ரீதான், ஆனால் அந்தக் கட்டட டிசைன் சாஃப்ட்வேர் 16 ஜிபி ரேம் கேட்கிறது. பிளெண்டர் என்ற இலவச 3டி சாஃப்ட்வேரைத் திறந்தேன், அது கடல். இப்படியே டவுன்லோடு செய்வதும் அழிப்பதுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. 10க்கு 10 அறை ஒன்று, ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு மேல் சன்ஷேட். இதை மட்டும் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்ப்பது, ஒன்றுக்கு ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

ஸ்கெட்ச்அப் இலவசப் பதிப்பு பிரௌசரிலேயே ஓடும். ஒரு செவ்வகம் வரைந்து மேலே இழுத்தால் சுவர் நிற்கிறது. கை உடனே பழகிவிடும். ஆனால் நெட் இல்லாமல் நடக்காது. ஆட்டோகேட் வரைபடம் இருக்கும் டிடபிள்யூஜி ஃபைலை உள்ளே கொண்டுவரவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். பிளான் போட்டுக் காசு வாங்குகிறவர்களுக்கு இது இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் உடனுக்குடன் குரூப் பண்ணாவிட்டால் சுவரும் தரையும் ஒட்டிக்கொண்டு, ஒன்றை நகர்த்தினால் மற்றதும் இழுபடும்.

ஃப்ரீகேட் முழுக்க இலவசம், கட்டடத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பு வந்தது. எனக்குப் பொறுமை இல்லை, இரண்டாம் நாளே மூடிவிட்டேன். என் பெஞ்ச்மேட் அதிலேயே உட்கார்ந்து செய்தான். என்னைவிட அதிக மார்க். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் எடுத்தது ஸ்வீட் ஹோம் 3டி. மேலே பிளானில் சுவரை வரைய வரைய, கீழே 3டியில் வீடு எழும்பும். நெட் தேவையில்லை, பழைய லேப்டாப்பிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். மாமா கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பிளானையே ப்ராஜெக்ட்டாக எடுத்தேன். பிளானைப் படமாகப் பின்னால் வைத்து, தெரிந்த ஒரு நீளத்தைச் சொல்லி ஸ்கேலைப் பொருத்தி, அதன்மேல் வரையலாம். முதலில் போனில் எடுத்த படத்தை வைத்தேன். சாய்வாக எடுத்ததால் ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் இடித்தது. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணுங்கள்.

இனி அந்த 7.5.

இந்த சாஃப்ட்வேரில் நாம் எதுவும் மாற்றாவிட்டால் சுவரின் தடிமன் 7.5 செ.மீ., உயரம் 250 செ.மீ. அதாவது 3 இன்ச் சுவர். நான் கவனிக்கவே இல்லை. சோபா, கட்டில், ஜன்னல் திரை என்று அலங்காரத்தில் இருந்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பிளானில் ஒரு சுவர்மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டு தட்டினார். விவரம் திறந்தது. “தம்பி, எஸ்டிமேட்டில் 9 இன்ச் செங்கல் சுவர்னு போட்டிருக்க. இது என்ன, ப்ளைவுட்டா?”

அங்கேயே எல்லாச் சுவரையும் தேர்ந்தெடுத்துத் தடிமனை 23 செ.மீ., அதாவது 9 இன்ச் என்று மாற்றினேன். இன்னும் மோசம். சுவரின் நடுக்கோட்டை வைத்துத்தான் அது நீளத்தைக் கணக்கிடுகிறது. நானோ அறையின் உள்ளளவு 10 அடியை அப்படியே சுவர் நீளமாகக் கொடுத்திருந்தேன். தடிமன் ஏறியதும் பெட்ரூம் 9 அடி 3 இன்ச்சாகச் சுருங்கிவிட்டது. அறைகளின் பரப்பளவைக் காட்டும் ஏரியா ஸ்டேட்மென்ட்டில் ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

ஆகவே:

- முதல் கோடு போடும் முன் ப்ரிஃபரன்ஸில் புதுச் சுவரின் தடிமன் 23 செ.மீ., உயரம் 305 செ.மீ. (10 அடி) என்று மாற்றுங்கள். ஏற்கெனவே வரைந்த சுவர் இதனால் மாறாது.
- 9 இன்ச் சுவருக்கு அறையின் உள்ளளவு 10 அடி வேண்டுமென்றால் சுவர் நீளம் 10 அடி 9 இன்ச்.
- சுவர் வரையும்போது என்டர் தட்டினால் நீளத்தை டைப் செய்யலாம். மவுஸால் குத்துமதிப்பாக இழுக்காதீர்கள்.
- சன்ஷேட்டுக்குத் தனி வசதி இல்லை. பட்டியலில் உள்ள பெட்டியை எடுத்துத் தட்டையாக்கி 7 அடி உயரத்தில் வையுங்கள்.
- சாஃப்ட்வேரில் 3டி வீட்டைப் போட்டோவாக எடுக்கும்போது உச்சத் தரத்தைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், ராத்திரி முழுக்க ஓடியது.
- வைவா அன்று சொந்த லேப்டாப், சார்ஜர், பிடிஎஃப் பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும். லேப் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம்.

ஓட்டுக்கூரை வீடு எடுப்பவர்கள் மட்டும் ஸ்வீட் ஹோம் 3டியை விட்டுவிடுங்கள். கூரை போட இதில் தனிக் கருவி கிடையாது. ஸ்கெட்ச்அப்பில் முகட்டுக் கோட்டைப் பிடித்து மேலே தூக்கினால் கூரை வந்துவிடும். மாடியில் உட்கார்ந்தாவது அதில் செய்யுங்கள்.

லேப்டாப்பை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. மாமா வீடு லிண்டல் வரை, அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டம் வரை ஏறிவிட்டது. நேற்றுப் போனபோது டேப் வைத்துப் பார்த்தேன். 9 இன்ச்தான்.