எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்காத பிள்ளை

சார்லஸ் ஃபிரெடெரிக் இங்கல்ஸ் 1875 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வால்நட் குரோவ் அருகே பிறந்தான். 1876 ஆகஸ்ட் 27 அன்று இறந்தான். பத்து மாதம்கூட நிரம்பவில்லை. வீட்டில் அவனுக்கு ஃபிரெடி என்று பெயர். புல்வெளிக் குடியேறிகளின் வாழ்க்கையைக் கதைகளாக எழுதிப் புகழ்பெற்ற லாரா இங்கல்ஸ் வைல்டரின் ஒரே தம்பி. அந்தக் கதைகளில் அவன் இல்லை. லாரா 1930 வாக்கில் கையால் எழுதி, 2014இல் அச்சான நினைவுக் குறிப்பில்தான் வருகிறான்.

இப்படி யாரும் எழுதி வைக்காத குடும்பங்களே மிகுதி. அங்கே இறந்த குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு ஃபிரெடியைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

முதலில், அவன் ஏன் கண்ணில் படமாட்டான் என்று பாருங்கள். மினசோட்டாவின் மாநில மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1875 மே மாதத்தில் நடந்தது. அப்போது அவன் பிறக்கவில்லை. அடுத்த நாடளாவிய கணக்கெடுப்பு 1880 ஜூனில். அப்போது அவன் இல்லை, குடும்பமும் டகோட்டாவின் டி ஸ்மெட்டுக்குப் போய்விட்டது. 1850 முதல் 1880 வரை கணக்கெடுப்போடு சாவுப் பட்டியலும் எடுத்தார்கள். ஆனால் அதில் ஜூன் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதச் சாவுகள் மட்டுமே வரும். அதாவது பத்தாண்டில் ஓராண்டு. மீதி ஒன்பது ஆண்டில் இறந்த பிள்ளைகளை அந்தப் பட்டியலில் தேடி மாய்வதில் பயனில்லை. 1880க்குப் பின் பிறந்து 1900க்கு முன் இறந்த பிள்ளைகள் நிலை இன்னும் மோசம்: 1890 கணக்கெடுப்பின் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சிதைந்து, பெரும்பகுதி அழிந்தே போயின.

ஆகவே பிள்ளையின் பெயரைத் தேடாதீர்கள். தாயைத் தேடுங்கள். 1900, 1910 கணக்கெடுப்புப் படிவங்களில் ஒவ்வொரு தாயிடமும் இரண்டு கேள்வி உண்டு: பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை. ஃபிரெடியின் தாய் கரோலின் இங்கல்ஸின் நான்கு மகள்களும் 1910ஐத் தாண்டி வாழ்ந்தவர்கள். ஆக, சரியான விடை ஐந்து, நான்கு. அந்த ஒன்றின் வித்தியாசம்தான் ஃபிரெடி. தாய் 1900க்கு முன்பே இறந்திருந்தால் இந்த வழி அடைபடும். அப்போது உடன்பிறந்தவர்களின் வயது இடைவெளியைத்தான் நம்ப வேண்டும். மேரி 1865, லாரா 1867, கேரி 1870, கிரேஸ் 1877. கடைசி ஏழாண்டு உறுத்துகிறதல்லவா? ஆனால் இடைவெளி சந்தேகத்துக்குத்தான் உதவும், சாட்சியாகாது.

அடுத்தது இடம். இதற்குப் பெரியவர்களின் காகிதங்கள் வேண்டும்: நிலப்பத்திரம், வரி ஏடு, நிவாரணப் பட்டியல். வெட்டுக்கிளிகள் விளைச்சலைத் தின்றுவிட, 1875 கடைசியில் தகப்பன் சார்லஸ் தன்னிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்து, கவுண்டியிடம் (மாவட்ட நிர்வாகத்திடம்) இரண்டு அரைப் பீப்பாய் மாவு வாங்கினார். கைக்குழந்தை இருந்த வீடு அது. அந்த ஒரு தாளில் அந்தக் குளிர்காலமே தெரிகிறது. 1876 ஜூலையில் நிலத்தை விற்றார். இலையுதிர் காலத்தில் குடும்பம் அயோவாவின் பர் ஓக்கில் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மகனின் சாவு. அதனால் பிறந்த ரெட்வுட் கவுண்டியிலோ போய்ச் சேர்ந்த அயோவாவிலோ தேடினால் எதுவும் கிடைக்காது. வழியில் யார் வீட்டில் தங்கினார்கள்? சார்லஸின் அண்ணன் பீட்டர் வீட்டில். பீட்டரின் மனைவி எலைசா கரோலினின் கூடப்பிறந்த தங்கை. அவர்கள் இருந்தது வபாஷா கவுண்டியின் சவுத் டிராய் பக்கம், வால்நட் குரோவிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர் கிழக்கே. அங்கேதான் ஃபிரெடி இறந்தான். குடும்பம் இடம்பெயர்ந்த ஆண்டில் பிள்ளை இறந்திருந்தால், பெற்றோர் இருவரின் உடன்பிறந்தோரும் எங்கெங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, பலர் தகப்பன் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் தாய் வழியை விட்டுவிடுகிறார்கள்.

பெயரிலும் இடறல் உண்டு. சார்லஸ் என்று தேடினால் தகப்பனின் காகிதங்கள் வந்து குவியும். சில வீடுகளில் இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு பிறந்த தேதி இருந்தால், எழுத்துப்பிழை என்று ஒன்றை அடித்துவிடக் கூடாது. பெயரே வைக்காத பிள்ளைகளும் உண்டு. லாராவின் மகன் 1889 ஆகஸ்டில் ஒரு மாதம்கூட நிறையாமல் இறந்தான். டி ஸ்மெட் கல்லறையில் அவன் கல்லில் இருப்பது தகப்பன் பெயரோடு ‘ஆண் குழந்தை’ என்பது மட்டுமே. கல்லறைப் பட்டியல்களில் குடும்பப் பெயரை மட்டும் போட்டு, பிள்ளைப் பெயரை விட்டுவிட்டும் ஒருமுறை தேட வேண்டும்.

ஃபிரெடியைப் புதைத்த இடம் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. பண்ணை ஓரத்திலேயே பிள்ளைகளைப் புதைத்த காலம் அது. மரப்பலகை நட்டிருந்தால் சில பத்தாண்டில் உளுத்துப்போகும். இத்தகைய நிலையில், உறவினர் குடியிருந்த பண்ணையைக் கவுண்டியின் பழைய நில வரைபடத்தில் குறித்து, அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த கல்லறைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அந்தத் தேவாலயங்களின் அடக்க ஏட்டைக் கேட்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் இணைய வம்சாவளியில் அடக்க இடம் என்ற கட்டத்தை வெற்றாகவே விடுங்கள். அருகிலுள்ள கல்லறையின் பெயரை ஊகமாக நிரப்பினால், அடுத்து வருபவர் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார். பிறகு யாரும் அந்த இடத்தைத் தேடவே மாட்டார்கள்.