ஹௌட்டன் நீராலை மாதிரி: அரைகல் மேடை வரை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கிரேட் ஊஸ் ஆற்றின் மேல் நிற்கும் ஹௌட்டன் நீராலையை 1:20 அளவில் மரத்தில் செய்யத் தொடங்கிய வேலை, இப்போது அரைகற்கள் இருக்கும் மேடை வரை வந்திருக்கிறது. ஹன்டிங்டன் பக்கம் குடியிருந்த காலத்தில் நான் அடிக்கடி போய்ப் பார்த்த ஆலை அது. 19ஆம் நூற்றாண்டில் அதை நடத்திய பாட்டோ பிரவுனின் மார்பளவுச் சிலையை இன்றும் ஊருக்குள் காணலாம். 1930களில் ஆலை ஓய்ந்தபின் ஊரார் அதைக் காப்பாற்றி, பழம்பெரும் கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். 1983 வரை இளைஞர் விடுதியாக இருந்து, பிறகு பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் கோதுமை அரைக்கிறது.

வெளிச்சுவர்ப் பலகைகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பொறுமை இருந்தால் எவரும் ஒட்டிவிடலாம். பல்சக்கரங்களில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பெரிய சக்கரத்துக்கு 60 பற்களும் சிறியதற்கு 20 பற்களும் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே பற்களே மோதி, ஓரிடத்தில் மட்டும் தேயும். அதனால் அக்கால ஆலைத் தச்சர்கள் ஒரு பல்லைக் கூட்டி வைப்பதுண்டு. நானும் 61 வைத்தேன். இனி எல்லாப் பற்களும் முறைவைத்துச் சந்தித்துச் சீராகத் தேயும்.

என்னை இந்த வேலைக்கு இழுத்தது தானியம் விழும் ஏற்பாடு. மேலே தொட்டி, அதன் அடியில் சற்றே சரிந்த ஒரு தட்டு, சுழலும் மேல்கல்லின் நடுவிலிருந்து எழும் நாற்பட்டை இரும்புத் தண்டு. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் நான்கு விளிம்புகளும் தட்டை நான்கு முறை தட்ட, தானியம் சிறிது சிறிதாகக் கல்லின் வாய்க்குள் விழுகிறது. ஆற்றில் நீர் பெருகிக் கல் வேகம் எடுத்தால் தட்டலும் விரைவுபட்டு, தானியமும் தானாகவே கூடுதலாக இறங்குகிறது. யாரும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிய தானியங்கி ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாதிரியில் கோதுமைக்குப் பதிலாக எதைப் போடுவது என்பது தனிக் கதை. அளவுக்குச் சரியாகப் பொருந்துவது ரவை. ஆனால் அது, வறுத்தபின்னும், இந்த ஈரக்காற்றில் கட்டிக்கொண்டு தட்டை விட்டு நகர மறுக்கிறது. கசகசா சற்றுப் பெரியது என்றாலும் உருண்டையாக இருப்பதால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒழுங்காக உதிர்கிறது. பாரிஸ் சாந்தில் வார்த்த ஆறு சென்டிமீட்டர் கற்கள் அதை அரைப்பதில்லை. ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன, அவ்வளவே.

அடுத்தது எச்சரிக்கை மணி. தொட்டி காலியானது தெரியாமல் கற்கள் வெறுமனே உரசினால் கல்லும் கெடும், பொறி பறந்து மாவுத்தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் தீயும் பிடிக்கும். ஆகவே தொட்டிக்குள் ஒரு தோல்வாரைத் தானியத்தின் எடையால் அழுந்தியிருக்கச் செய்து, தானியம் குறைந்ததும் வார் தளர்ந்து மணி இறங்கி ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். என் அளவில் நீளம் இருபதில் ஒரு பங்கானால் எடை எட்டாயிரத்தில் ஒரு பங்காகிவிடுவதால், கசகசாவின் பாரம் வாரைப் பிடித்துவைக்கப் போதவில்லை. தோலுக்குப் பதில் பருத்தி நூலும், பித்தளைக்குப் பதில் அலுமினியத் தகட்டு மணியும் வைத்துப் பார்க்கப் போகிறேன்; மூட்டை தூக்கும் சங்கிலி அதற்குப் பிறகுதான்.