ஸ்டான்லி ஃபிஷர்: சில நாட்களின் குறிப்புகள்

ஜூன் 2, 2025

மே 31 அன்று பொருளியலாளர் ஸ்டான்லி ஃபிஷர் காலமானார். வயது 81. இரங்கல் செய்திகளில் பதவிகளின் பட்டியல்தான் நீள்கிறது: உலக வங்கி, பன்னாட்டு நிதியம் (ஐஎம்எஃப்), இஸ்ரேல் மைய வங்கி, அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். எனக்கு அவர் முதலில் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்.

ஜூன் 4

அந்தக் கட்டுரையை மறுபடியும் படித்தேன். மைய வங்கி என்ன செய்யும் என்பதை மக்கள் முன்பே கணித்துவிடுவார்கள், ஆகவே வட்டியையும் பண அளவையும் மாற்றும் பணக்கொள்கையால் உற்பத்தியையோ வேலைவாய்ப்பையோ அசைக்க முடியாது என்ற வாதம் அன்று ஓங்கியிருந்தது. மக்கள் கணிப்பார்கள் என்பதை ஃபிஷர் மறுக்கவில்லை. ஆனால் கூலி ஒப்பந்தங்கள் நீண்ட காலத்துக்குப் போடப்படுகின்றனவே என்றார். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் சரிவு வந்தால், கையெழுத்தான கூலி நகராது. மைய வங்கி நகரலாம். அந்த இடைவெளியில் கொள்கைக்கு வேலை இருக்கிறது. எதிர்த்தரப்பின் அடிப்படையை ஏற்றுக்கொண்டே அதன் முடிவைக் கவிழ்த்த நேர்த்தி இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

ஜூன் 7

1984இல் இஸ்ரேலின் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது. அதைத் தீர்க்க வழி சொன்ன அமெரிக்கத் தரப்பின் ஆலோசகர்களில் ஃபிஷரும் ஒருவர். 1985 ஜூலையில் வந்த திட்டம் அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையைக் குறைத்தது, நாணய மதிப்பை இறக்கி நிலைநிறுத்தியது. கூடவே தொழிற்சங்கத்தோடு பேசிக் கூலியையும் விலைகளையும் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டே பணவீக்கம் சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கியது. கூலி ஒப்பந்தங்களின் பிடிவாதத்தை ஆராய்ந்தவருக்கு அந்தக் கடைசி அம்சத்தின் அவசியம் நன்றாகப் புரிந்திருக்கும்.

ஜூன் 8

1997 ஆசிய நெருக்கடியில் அவர் பன்னாட்டு நிதியத்தின் இரண்டாம் நிலைத் தலைவர். தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா மூன்றிலும் அரசுச் செலவை இறுக்கச் சொன்னது மிகை என்றே கருதுகிறேன். அந்த நாடுகளின் சிக்கல் வங்கிகளிலும் குறுகிய காலக் கடன்களிலும் இருந்தது. அடுத்த ஆண்டு நிதியமே அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது.

ஜூன் 12

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆய்வு செய்தவர்களில் பின்னாளில் பெயர்பெற்ற பொருளியலாளர்களான பிளான்சார்ட், மான்கியூ, பெர்னான்கி மூவரும் உண்டு. பொருளியலாளர்கள் ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் எழுதிய அமெரிக்கப் பண வரலாற்றைப் படிக்கும்படி பெர்னான்கியிடம் சொன்னவர் ஃபிஷர். 1930களின் பெருமந்தம் பெர்னான்கியின் வாழ்நாள் ஆய்வானது அதிலிருந்துதான். 2008இல் வங்கிகள் சரிந்தபோது ஃபெடரல் ரிசர்வின் தலைமையில் இருந்தவர் பெர்னான்கி. அதே நேரத்தில் இஸ்ரேல் மைய வங்கியின் ஆளுநராக ஃபிஷரும் வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்தார். 2014இல் மாணவர் விலகிய அதே ஃபெடரல் ரிசர்வுக்கு ஆசிரியர் துணைத் தலைவராக வந்து சேர்ந்தார்.