சாப்ளினின் வில்லன் எரிக் கேம்ப்பெல்

மியூச்சுவல் கம்பெனிக்காக 1916, 1917-ல் சாப்ளின் எடுத்த 12 மௌனப் படங்களில் 11-ல் எதிராளி ஒரே ஆள்தான்: எரிக் கேம்ப்பெல். விடுபட்டது 'ஒன் ஏ.எம்.' மட்டும், அதில் சாப்ளின் கிட்டத்தட்ட தனியாகவே நடித்தார். பிரிட்டனில் ஃப்ரெட் கார்னோவின் மேடைக் குழுவில் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தவர் கேம்ப்பெல். நியூயார்க் மேடையில் அவரைப் பார்த்த சாப்ளின் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப் போனார்.

ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற பருமன். ஆனால் உடம்பு மட்டும் போதாது. அன்றைய ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகப் பதியும், நீலத்தை வெளுத்துக் காட்டும். அதனால் முகபாவம் தொலைவிலிருந்தும் தெரிய வேண்டுமானால் மேக்கப்பில்தான் கை வைக்க வேண்டும். கேம்ப்பெலின் புருவங்களைப் பாருங்கள்: கறுப்பாக, தடிமனாக, நுனி மேலே ஏறும்படி வரைந்திருப்பார்கள். வசன அட்டை வருவதற்கு முன்பே கோபம் புரிந்துவிடும்.

அவர் அருமை தெரிய 'தி இமிக்ரன்ட்' (1917) ஹோட்டல் காட்சி ஒன்றே போதும். தலைமை வெயிட்டராக சாப்ளின் முதலில் போட்டது ஹென்றி பெர்க்மனை. நல்ல நடிகர்தான், ஆனால் பார்த்தால் பயம் வரவில்லை. பில் கட்டக் காசில்லாதவன் தவிக்கும் காட்சியில் அடி விழும் என்ற பயம் இல்லையென்றால் சிரிப்புக்கு இடமே இல்லை. அதனால் எடுத்ததை ஒதுக்கிவிட்டு, கேம்ப்பெலை வைத்துத் திரும்ப எடுத்தார். பெர்க்மன் அதே படத்தில் ஓவியராக வருகிறார். 10 சென்ட் குறைந்ததற்காக ஒருவரை வெயிட்டர்கள் புரட்டி எடுப்பதை முதலில் காட்டிவிடுகிறார்கள். பிறகு சாப்ளின் நீட்டும் நாணயத்தை கேம்ப்பெல் பல்லால் கடிக்க, அது வளைகிறது. கள்ள நாணயம்! நாணயத்திலிருந்து சாப்ளின் முகத்துக்கு மெல்லத் திரும்பும் அந்தப் பார்வையில்தான் காட்சியின் உயிரே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகளில் இந்தப் பார்வையே பாழாகிவிடுகிறது. கேமராவைக் கையால் சுற்றிக் குறைந்த வேகத்தில் எடுத்த படத்தை நொடிக்கு 24 பிரேமில் ஓட்டினால் எல்லாரும் துள்ளுவார்கள், கேம்ப்பெலின் நிதானம் போய்விடும். சீரமைத்த பிரதியையே தேடிப் பாருங்கள். பிளேயரில் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் ஓரளவு சரியாகும்.

'ஈஸி ஸ்ட்ரீட்'டில் பலத்தைக் காட்ட, காஸில் எரியும் தெருவிளக்கின் கம்பத்தையே கேம்ப்பெல் வளைக்கிறார். சாப்ளின் அவர் தலையை விளக்குக் கூண்டுக்குள் மாட்டி, காஸைத் திறந்துவிட்டு மயக்குகிறார். அந்தக் காட்சியை எடுக்கும்போது விளக்கு சாய்ந்து சாப்ளினுக்கு மூக்கில் வெட்டுக்காயம். 'தி கியூர்'-இல் கீல்வாதக் கட்டுப் போட்ட கால் சுழல்கதவில் சிக்கும்போது வலியை விளையாட்டாக்காமல் நிஜமாகவே அலறுவதுபோல் நடிப்பார். அதனால்தான் சிரிப்பு வருகிறது.

1917 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் கார் விபத்தில் இறந்துபோனார். திரையில் மொத்தமே இரண்டு வருடம்கூட இல்லை. பின்னாளில் சாப்ளின் படங்களில் வந்த மேக் ஸ்வெய்னும் பெரிய உடம்புக்காரர்தான், எனக்கும் பிடித்தவர். ஆனால் ஸ்வெய்னின் கோபம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும் என்று நம்பலாம். கேம்ப்பெலிடம் அந்த நம்பிக்கையே வராது. பெர்க்மன் வெயிட்டராக நடித்த மிச்சத் துண்டுகள் 1983-ல் வந்த 'அன்னோன் சாப்ளின்' ஆவணத் தொடரில் இருக்கின்றன. முதலில் அதையும், அடுத்து முழுப் படத்தையும் பாருங்கள்.